பூரணியின் கடைவாய்ப் பல்

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து கந்தப்பன் பூரணியைக் கட்டிக்கொண்டு வந்தபோது, அவனைவிட அவன் அக்காள் அழகம்மாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. பெண் கொழுந்து பறிப்பதில் எப்படி, அடுப்படியில் எப்படி என்றெல்லாம் விசாரிக்காமல், "சிரிச்ச மொகம், அது போதும்" என்று முடித்து வைத்தவள் அவள்தான். அம்மா செத்த பிறகு தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி வளர்த்தவள். அவளைக் கட்டிய இராமையா கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே நெஞ்சுச் சளி கண்டு போய்விட்டான். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு தம்பி வீடுதான் அவள் வீடு.

நான் காளியாயி, அவர்களுக்கு அடுத்த காம்பரா. வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கமிருந்து "நூறு" என்று வாழ்த்தலாம். ஒட்டுக் கேட்கிறவள் என்று என்னைச் சொல்கிறவர்கள் சுவரைப் பாதியில் நிறுத்திய துரையைப் போய்க் கேட்கட்டும்.

கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் பூரணிக்குப் பிள்ளை தங்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்கப் போனால் அங்கே ஒரு பேச்சு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு பேச்சு. அப்படி எவளாவது வாயைத் திறந்தால் அழகம்மா விடமாட்டாள். "ஒங்க வீட்டுல பெத்ததெல்லாம் என்ன கிழிச்சிருச்சு?" என்று நறுக்கென்று கேட்பாள். தோட்டத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்தப் பிள்ளைக்கு மாந்தம் கண்டாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பார்த்த மாத்திரத்தில் இன்னது என்று சொல்லுவாள். பத்துக்கு எட்டு சரியாகவும் இருக்கும். மிச்சம் இரண்டுக்கும் அவளை யாரும் கேள்வி கேட்டதில்லை, அதுவரைக்கும்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் மாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு பூரணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. அழகம்மா தரையில் நடக்கவில்லை. பூரணி பறித்த கொழுந்தையும் தன் கூடையோடு சேர்த்துத் தானே சுமந்துகொண்டு வருவாள். காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணியோடு சண்டை போட்டு அவளுக்குச் சரிவில்லாத மலையாக வாங்கித் தருவாள். எங்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

அந்த நேரத்தில்தான் பூரணிக்குக் கடைவாயில் பல் முளைக்க ஆரம்பித்தது. இடப் பக்கம், கீழ்த்தாடையில், எல்லாப் பல்லுக்கும் பின்னால். பாதி பல் வெளியே, பாதி ஈறுக்குள். ஈறு அதன் மேல் மூடி போட்டது போல் கிடந்தது. சாப்பிட்ட சோறு அதற்குள் போய் மாட்டிக்கொள்ளும். முதலில் குறுகுறுவென்று இருந்தது, பிறகு காதுக்குள் குத்த ஆரம்பித்தது. இதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஹட்டன் கடைக்காரர் மஃறூப் நானாவிடம் கராம்பு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, யாரும் பார்க்காத நேரம் கடைவாயில் அடக்கிக்கொள்வாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒருநாள் கொழுந்து மலையில் அவள் யாருக்கோ நேர்ந்ததைப் போல ஒரு கேள்வி கேட்டாள். "புள்ளத்தாச்சி பல்லு புடுங்கினா என்னா செய்யும்?"

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். பல் வேருக்கும் கர்ப்பத்துக்கும் ஒரே நரம்பு, பல்லை அசைத்தால் பிள்ளை அசையும், பிடுங்கினால் பிள்ளையும் கூடவே வந்துவிடும் என்றார்கள். ஒருத்தி தன் ஒன்றுவிட்ட தங்கச்சிக்கே அப்படி ஆனது என்று சத்தியம் பண்ணினாள். பூரணி அதற்குப் பிறகு வாயைத் திறப்பாளா? ஐந்தாறு வருஷம் ஏங்கி வந்த பிள்ளை. பல் வலி என்று அழகம்மாவுக்குத் தெரிந்தால் போதும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா முன்னால் உட்கார்த்திவிடுவாள். அவர் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அங்கே பிடுங்கிவிடுவார்கள். பிள்ளை பிறக்கும் வரைக்கும் எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவோம் என்று நினைத்தாள். அந்தப் பல்லைக் கடிக்க முடியாதே, பாவி.

ஏழாம் மாதம் தொடங்கிய சமயம், ஒரு நாள் காலையில் எழுந்தபோது கன்னம் பணிஸ் ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. காய்ச்சலும் கொதித்தது. பெரட்டுக்குப் புறப்பட்ட அழகம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் வாசலில் நின்றேன்.

"ஏன்டி புள்ள, பல்லு கில்லு வலிக்குதா?"

பூரணி இல்லை என்று தலையாட்டினாள்.

"நல்லா சொல்லு. கடவாயில எங்கயாவது நோவுதா?"

"இல்ல மதினி. காதுக்குக் கீழதான் நோவுது."

இதை நான் என் காதால் கேட்டேன். அந்த ஒரு தலையாட்டலில்தான் எல்லாம் நடந்தது.

அழகம்மா காதுக்குக் கீழே விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இது பொன்னுக்கு வீங்கிதான்" என்றாள். அந்த மாதம் கீழ் லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் கன்னம் வீங்கித் திரிந்தார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பொன்னுக்கு வீங்கி என்றால் எங்கள் ஆட்களுக்கு வைத்தியம் ஒன்றுதான். கழுத்தில் தங்கம் போட வேண்டும். தங்கத்துக்காக வீங்கியது தங்கத்தைக் கண்டால் வடிந்துவிடும். மருந்து மாத்திரை கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, கஞ்சியும் வேப்பிலையும்தான். அழகம்மாவிடம் அவள் அம்மா விட்டுப் போன மெல்லிய சங்கிலி ஒன்று இருந்தது. தாலியறுத்தவள் கையால் புள்ளத்தாச்சிக்குப் போடக் கூடாது என்று தம்பி கையில் கொடுத்துப் போடச் சொன்னாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கன்னத்தில் பற்றுப் போட்டாள்.

பூரணிக்கு அந்தப் பேரைக் கேட்டதும் உயிர் வந்தது. வியாதிக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டது, பல்லை யாரும் தேட மாட்டார்கள். வீக்கம் தானாக வடிந்தாலும் வடிந்துவிடும் என்று நம்பினாள். வாய்க்குள் சீழ் கசந்து இறங்குவது அவளுக்கு மட்டும் தெரியும். அதை விழுங்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

வீக்கம் வடியவில்லை. தாடைக்குக் கீழே கழுத்து வரைக்கும் இறங்கியது. தோல் கல்லாக இறுகிச் சிவந்தது. வாய் ஒரு விரல் போகாத அளவுக்குப் பூட்டிக்கொண்டது. கந்தப்பன் பயந்துபோய், "டிஸ்பென்சர் ஐயாவ கூட்டிட்டு வரவா அக்கா?" என்று கேட்டான்.

"பொன்னுக்கு வீங்கிக்கு எவன்டா மருந்து குடிச்சான்? வந்த மாதிரியே போயிரும். புள்ளத்தாச்சிக்குக் கண்ட மருந்தையும் குடுத்துட்டு அப்புறம் யாரு பதில் சொல்றது?"

அவன் மனைவியைப் பார்த்தான். பூரணி, அக்காள் சொல்வதுதான் சரி என்பதுபோல் கையை அசைத்தாள்.

அடுத்த நாள் கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. மூச்சு இழுத்தது. வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்று சைகையில் காட்டினாள். அப்போதுதான் அழகம்மாவின் முகம் மாறியது. தலைமுடியை அள்ளி முடியாமல் அப்படியே பங்களாவுக்கு ஓடி, துரை காலில் விழுந்து, தோட்டத்து லொறியைக் கொண்டுவந்தவள் அவள்தான். இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு யாரும் இதைச் சொல்லவில்லை.

நானும் லொறியில் கூடவே போனேன். டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா நோனா பார்த்ததும் பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, வாயைத்தான் பார்த்தார். தாடைக்குக் கீழே கீறிச் சீழை எடுத்தார்கள். பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். பூரணி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை, தலை நிறைய முடி.

டாக்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு நர்ஸ் தமிழில் சொன்னாள். கடைவாய்ப் பல்லின் ஈறு சீழ் பிடித்து அந்த விஷக் காய்ச்சலில்தான் பிள்ளை போயிருக்கிறது. வலி தொடங்கியபோதே வந்திருந்தால் ஈறைக் கழுவி மருந்து கொடுத்திருக்கலாம். பல்லையே பிடுங்கியிருந்தாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை நாள் வீட்டிலே வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள், பொன்னுக்கு வீங்கி என்று சொன்னது யார்?

"நான்தான்" என்றாள் அழகம்மா.

கந்தப்பன் அவளைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "புள்ளய கொன்னுட்டியே" என்று ஒரு சொல் சொன்னான். அதன் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் கோபம் என்று நினைத்தோம். வருஷக்கணக்கில் போயிற்று.

பூரணிக்கு அந்த நேரத்தில் வாய் திறக்க முடியாது. பூட்டிய தாடை இளகி வர வெகு நாள் பிடித்தது. அவள் பேச ஆரம்பித்தபோது வழக்கு முடிந்து தீர்ப்பும் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, பல்லுக்கிடையில் சொல்லைப் பிதுக்கிப் பிதுக்கி எல்லாவற்றையும் சொன்னாள். கராம்பு, மலையில் கேட்ட கதை, இல்லை என்று ஆட்டிய தலை.

"எனக்குத் தெரியும் காளியக்கா. முதல் நாளே பல்லுதான்னு தெரியும். மதினி கேட்டிச்சு. நான்தான் மறைச்சேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் திட்டினேன். "அதை ஒன் புருஷன்கிட்ட சொல்லித் தொலையேன்டி" என்றேன். சொல்கிறேன், வீட்டுக்குப் போனதும் சொல்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்தாள். சொல்லவில்லை. புருஷன் அவளைக் கையில் ஏந்தாத குறையாகப் பார்த்துக்கொண்டான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று லயமே இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தையெல்லாம் ஒரே சொல்லில் தூக்கி எறிய மனுஷிக்குத் துணிவு வர வேண்டாமா? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பழியைச் சுமந்தவள் அழகம்மா. அந்த வாய் அடங்கிப்போனது. எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டாலும், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, டிஸ்பென்சர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று விலகிப் போவாள். சங்கிலியைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டாள். பூரணிக்கு வெந்நீர் வைப்பது, தலை வாருவது, சீலை துவைப்பது, சோற்றைக் குழைய வடித்து முதலில் அவளுக்குப் போட்டுவிட்டு அடிச்சட்டியைத் தான் தின்பது என்று மருமகளைப் போல உழைத்தாள். ஒவ்வொரு வேளையும் பூரணி அந்தச் சோற்றைத் தின்றாள். எப்படி இறங்கியது என்று நான் ஒருநாள் கேட்டேன். "இறங்கல அக்கா, நெஞ்சுல நிக்குது. வேணாம்னா மதினி அழுவுது" என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்கு அது வருஷம் முழுக்க ஓயாமல் குறுகுறுத்தது.

நீ ஏன் போய்ச் சொல்லவில்லை என்று என்னைக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவள் வாயால் சொன்னால் அது உண்மை. அடுத்த காம்பராக்காரி போய்ச் சொன்னால் அது கோள்.

ஐம்பத்தொன்பதில் பூரணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. சிவகாமி என்று பேர் வைத்தார்கள். பிள்ளை பிறந்த அன்று அழகம்மா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாள், உள்ளே வரவில்லை. வீட்டிலும் அந்தப் பிள்ளையை அவள் தொடவில்லை. தொட்டில் ஆட்டுவாள், கயிற்றைப் பிடித்து. துணி துவைப்பாள். பிள்ளை தவழ்ந்து வந்து காலைக் கட்டிக்கொண்டால் மட்டும் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "பூரணி, புள்ளய எடு, புள்ளய எடு" என்று கத்துவாள். அன்றெல்லாம் பூரணி என் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்து அழுவாள். நான் திட்டுவேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டுப் போவாள்.

சிவகாமிக்கு நாலு வயது நடக்கும்போது காது குத்துவதற்கு நாள் குறித்தார்கள். பூரணியின் அண்ணன் பூண்டுலோயாவிலிருந்து வருவதாக இருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகம்மா தன் இரண்டு சீலையையும் ஒரு கம்பளியையும் மூட்டையாகக் கட்டினாள். வட்டவளையில் சோலைமலை என்று, செத்துப்போன புருஷன் இராமையாவுக்குத் தம்பி முறையில் ஒருவர் இருந்தார், அவர் வீட்டோடு போய்விடப் போகிறாளாம். நல்ல காரியத்தில் தன் நிழல் விழ வேண்டாம் என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். கந்தப்பன் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். அக்காள் மூட்டையோடு போவதைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு தீட்டினான்.

பீலியிலிருந்து வந்த பூரணியிடம் சொன்னேன். குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். மெயின் ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் அழகம்மா மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். பூரணி போய் அவள் காலடியில் விழுந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. பல் முளைத்தது, கராம்பு அடக்கியது, சீழை விழுங்கியது, கேட்டபோது இல்லை என்று தலையாட்டியது, இத்தனை வருஷமும் தெரிந்தே வாய் மூடியிருந்தது.

"புள்ளய கொன்னது நீங்க இல்ல மதினி. நான்தான். நீங்க கேட்டீங்க, நான்தான் பொய் சொன்னேன்."

அழகம்மா அவளைத் தூக்கித் தன் பக்கத்தில் உட்கார வைத்து, தாடைக்குக் கீழே இருந்த தழும்பை விரலால் தடவினாள்.

"நான் போறேன்னு இப்புடிச் சொல்றியா புள்ள?"

"இல்ல மதினி, சத்தியமா."

"சத்தியம் பண்ணாத. என் பழிய எடுத்து ஒன் தலையில போட்டுக்கிறியே, ஒனக்கு என்னா தலயெழுத்து?"

நான் இடையில் புகுந்தேன். "அவ சொல்றது நெசந்தான் அழகம்மா. ஆஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொன்னா."

அழகம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "நீயும் சேந்துக்கிட்டியா காளி? ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசி வச்சிருக்கீங்க."

பூரணி அவள் இரண்டு கையையும் பிடித்து உலுக்கினாள். "ஏன் மதினி நம்ப மாட்டேங்குறீங்க? நம்புங்க!"

"எந்தத் தாயாவது அப்புடிச் செய்வாளா புள்ள? எனக்கு என்னா, மூள இல்லயா?"

பஸ் வந்து நின்று போனது. அழகம்மா ஏறவில்லை. தன்மேல் இவ்வளவு பாசம் வைத்து, தன்னைக் காப்பாற்ற இப்படி ஒரு பொய்யைச் சொல்கிறவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் முன்னால் ஏறினாள். பூரணி பின்னால் வந்தாள்.

லயத்துக்கு வந்து சேர்வதற்குள் பழைய வாய் அழகம்மாவுக்குத் திரும்பிவிட்டது. எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னாள். "கேளுங்கடி, எனக்காக இவ என்னா சொன்னா தெரியுமா? தான்தான் புள்ளய கொன்னேங்குறா!" பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி பூரணியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். இப்படி ஒரு நாத்தனாருக்கு இப்படி ஒரு தம்பி பொண்டாட்டி எந்தத் தோட்டத்தில் உண்டு என்றார்கள். பூரணி, "நான் நெசத்தத்தான் சொன்னேன்" என்றாள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கந்தப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அக்காளிடம் வந்து மூட்டையை வாங்கினான். "பெத்தவளே ஒன்ன மன்னிச்சுட்டா, நான் யாரு அக்கா?" என்றான். அழகம்மா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு கதறிய கதறலில் கீழ் லயத்து ஆட்களும் ஏறி வந்துவிட்டார்கள். அந்தச் சந்தடியில் சிவகாமி பயந்து அழ, அழகம்மா ஒன்றும் யோசிக்காமல் அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பூரணி கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. அக்காளும் தம்பியும் சேர்ந்துவிட்டார்கள், பிள்ளை அத்தை இடுப்பில் இருந்தது. அவள் மட்டும் அங்கே நிற்கவில்லை. என் காம்பராவுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவருக்கு மேலே அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அழகம்மா கந்தப்பனுக்குச் சோறு போட்டாள். இன்னும் கொஞ்சம் போடு அக்கா என்று அவன் கேட்டான்.

வழக்கம்போல் திட்டலாம் என்று வாயெடுத்தேன். எதைச் சொல்லித் திட்டுவது? சொல் என்றுதானே இத்தனை வருஷமும் திட்டினேன், சொல்லிவிட்டாளே.

"இனிமே நான் யாருகிட்டப் போயிச் சொல்லுவேன் காளியக்கா?" என்று கேட்டாள் பூரணி.